ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் ஒரு ‘ம்’

அவள் போன பிறகு வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டார்கள். கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “அந்தப் படத்துல ஹீரோயினுக்குக் குரல் குடுத்தது உங்க வீட்டம்மாதானே?” என்றார்கள். நல்ல எண்ணத்தோடு கேட்டவர்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்களைத் திருத்திக்கொண்டிருக்க முடியுமா? தலையை ஆட்டி வைத்தேன். என் மனைவி இருந்திருந்தால் ஆட்டியிருக்க மாட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, “குடுக்கல. குடுக்க மாட்டேன்னு சொன்னேன்” என்று முதலிலிருந்து தொடங்கியிருப்பாள். அவளுக்குப் பதிலாக நான் தொடங்குகிறேன்.

அவளுக்கு வேலை ஆஸ்பத்திரியில். வெளிநோயாளிகள் பிரிவு என்பது நீளமான ஒரு கூடம். சுவரோரமாகப் பச்சை பெயின்ட் அடித்த பெஞ்சுகள். கூடத்தின் ஒரு கோடியில் கண்ணாடித் தடுப்பு, அதற்குப் பின்னால் ஒரு மேஜை, மேஜை மேல் ஒரு மைக். டோக்கன் நம்பரைச் சொல்லி, எந்த அறைக்குப் போக வேண்டும் என்று கூப்பிடுவது அவள் பொறுப்பு. கூடத்தில் எந்நேரமும் சந்தைக்கடை இரைச்சல்தான். அழுகிற குழந்தை, டாக்டரைத் திட்டுகிற மாமனார், போனில் உரக்கச் சொத்துத் தகராறு பேசுகிறவர். அத்தனைக்கும் நடுவில் அவள் குரல் கத்தாமலே போய்ச் சேர்ந்துவிடும். பெரிய டாக்டரிலிருந்து கூட்டிப் பெருக்குகிற அம்மா வரை எல்லோருக்கும் அவள் மைக் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அக்காதான்.

ஒருநாள் கன்னம் வீங்கிய ஒரு மனிதர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் நம்பரைக் கூப்பிட்டாள், எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள், கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாவது தடவை, “முப்பத்தேழாம் நம்பர், வலி போயிடுச்சுன்னா வீட்டுக்குப் போகலாம். மத்தவங்களுக்கு இன்னும் இருக்கு” என்றாள். கூடமே சிரித்தது. அந்த ஆள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

அடுத்த வாரம் அவர் மறுபடி வந்தார். டோக்கன் எடுக்கவில்லை. நேராகக் கண்ணாடித் தடுப்புக்கு வந்து, தான் ஒரு சினிமா டைரக்டர் என்றார். வலியே இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு வந்த முதல் ஆள் என்று இவள் பிற்பாடு சொல்லிச் சிரிப்பாள்.

டைரக்டருக்கு இருந்த சிக்கல் இதுதான். அவர் எடுக்கப்போகும் படத்துக்கு வேறு மொழியில் பெரிய பேர் வாங்கிய நடிகை ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். அவர் நடித்தால் கதவு சாத்துகிற காட்சியைக்கூட உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று பெயர். ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். தன் குரல்தான் படத்தில் வர வேண்டும். “முகத்தை மட்டும் வாடகைக்கு விடுற பழக்கம் எனக்கு இல்லை” என்றாராம். இங்கே எடுக்கிற படங்களில் வாடகைதான் வழக்கம். வெளியிலிருந்து வரும் நடிகை படப்பிடிப்பில் ஒப்புக்கு வாயசைத்துவிட்டுப் போவார். பிறகு குரல் கொடுக்கிறவர் ஒருவர் இருட்டறையில் நின்று மொத்தத்தையும் பேசி முடிப்பார். அதனால், நம் மொழியில் ஒரு எழுத்துகூடத் தெரியாத அந்த நடிகைக்கு வசனம் முழுவதையும் காதால் கேட்டே பழக்கிவிட ஓர் ஆள் வேண்டும். மொழி சரியாக வரவில்லை என்றால் வேறொருவரை வைத்துக் குரல் சேர்த்துவிடலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இருந்தது.

இவள் கதையைக் கேட்டாள். டைரக்டர் சொன்னார். மாடி வீட்டுக்கு ஓர் இளம் ஜோடி குடிவருகிறது. கீழே தனியாக இருக்கும் வீட்டுக்காரிக்கு அந்தப் பையன் மேல் ஒரு பற்று வருகிறது. தாய்ப் பாசமா, வேறெதுவுமா என்று அவளுக்கே தெரியாது. அவன் காய்ச்சலில் விழுந்தபோது சூப் வைத்துக் கொடுக்கிறாள். அவன் தேறுகிறான். தேறினால் இனி தன் பக்கம் வர மாட்டான் என்று தோன்றுகிறது. அன்றிலிருந்து சூப்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றைக் கலக்கத் தொடங்குகிறாள். சாகாத அளவுக்கு, எழுந்திருக்காத அளவுக்கு. அப்படியே மெல்ல அவன் மனைவியை வீட்டைவிட்டு ஒதுக்குகிறாள்.

“அவளுக்குப் பைத்தியமா சார்?” என்றாள் இவள்.

“இல்லைங்க. தான் பண்றது சரின்னு நினைக்கிறா.”

“அப்ப சரி. பைத்தியம்னா எனக்குச் சொல்லிக்குடுக்க வராது.”

என் அக்கா இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். எங்கள் வீட்டு வாசலை ஒருநாள் மிதிக்காவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. விஷயத்தைக் கேட்டதும் என்னிடம் திரும்பினாள். “ஊர்ல எத்தனையோ படம் எடுக்கிறாங்கடா. குடும்பத்தோட பார்க்கிற மாதிரி ஒண்ணுக்குச் சொல்லிக்குடுத்தா ஆகாதா? போயும் போயும் விஷம் வைக்கிறவளுக்கா?”

“விஷம் வைக்க நான் சொல்லிக்குடுக்கல அண்ணி. பேசத்தான்” என்றாள் என் மனைவி.

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் காலைப் பணி. மதியத்துக்குமேல் நடிகை தங்கியிருந்த அடுக்குமாடிக்குப் போவாள். ஒரு கட்டில், இரண்டு நாற்காலி, ஜன்னலில் காயும் ஒரு துண்டு, அவ்வளவுதான் வீடு. பெரிய நடிகை வீடு எப்படி இருக்கும் என்று அக்கா ஆசையாகக் கேட்டாள். “நம்ம வீட்டைவிடக் காலியா இருக்கு அண்ணி” என்றதும் அவள் முகம் தொங்கிவிட்டது.

இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் ஆங்கிலமும் நிறையக் கைச்சாடையும். நடிகை முழங்கால் முட்டுகிற தூரத்தில் எதிரே உட்கார்ந்து இவள் வாயையே பார்ப்பார். அர்த்தத்தை டைரக்டரிடம் கேட்டுக்கொள்வார், இவளிடம் சத்தம் மட்டும்தான் கேட்பார். ‘போயிட்டியா’ என்பது எப்போது கேள்வி, எப்போது புகார், எந்த இடத்தில் இழுத்தால் கெஞ்சல் என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மதியம் முழுக்கப் போகும். இவளை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

ஒருநாள் வந்த வசனம் ‘சாப்பிடு’ என்ற ஒரே சொல்.

“இதைக் குழந்தைகிட்ட எப்படிச் சொல்வீங்க டீச்சர்?”

சொன்னாள்.

“கோவமா இருக்கும்போது?”

சொன்னாள்.

“விஷம் கலந்து குடுக்கும்போது?”

“அந்தப் பழக்கம் இல்லையே மேடம்.”

நடிகை கொஞ்சம் யோசித்தார். “உங்க வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தா எப்படிச் சொல்வீங்க?”

இவள் சொன்னாள். நடிகை அதை அப்படியே வாங்கிக்கொண்டார். “இதுதான் வேணும். அவளும் அவனைக் கவனிச்சுக்கிறதாத்தான் நினைக்கிறா.”

அன்று வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு, இனிமேல் காய்ச்சல் வந்தால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்துகொள்ளும்படி எனக்குப் புத்திமதியும் சொன்னாள்.

எல்லா வசனங்களையும் அவள் தன் குரலில் போனில் பதிவுசெய்து கொடுத்தாள். நடிகை அதைக் காதில் மாட்டிக்கொண்டுதான் நடப்பார், துணி மடிப்பார், காய் நறுக்குவார். பதிவு செய்வது எங்கள் வீட்டுச் சமையலறையில், எதிரில் உட்கார்ந்து கேட்பது நான். “சூப் ஆறிடும். குடிச்சிட்டுப் படு. நான் இங்கேயேதான் இருப்பேன்” என்று என் கண்ணைப் பார்த்து அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் நின்றது. அக்கா உள்ளே எட்டிப் பார்த்து, “தம்பி, ஒண்ணும் குடிச்சுத் தொலைக்காதே. எழுந்து வெளியே வா” என்றாள். பாதி விளையாட்டுதான். மீதிப் பாதியைப் பற்றி எனக்கு இன்றும் நிச்சயமில்லை.

படப்பிடிப்பு முடிந்தது. ஒரு தடவைகூட வசனம் மறந்து நின்றதில்லை என்று நடிகைக்குப் பெயர். டைரக்டர் போனில் பேசும்போதெல்லாம் தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தார். பிறகு சில வாரங்கள் பேச்சில்லை. ஒருநாள், ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வர முடியுமா என்று சுரத்தே இல்லாமல் கேட்டார். நானும் கூடப் போனேன்.

குளிரூட்டிய சின்ன அறை, சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சுத் திண்டு. ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருந்தார். அவரைக் குழுவில் எல்லோரும் காது என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்துத் தெருவில் குக்கர் விசிலடித்தால் இங்கே படப்பிடிப்பை நிறுத்தச் சொல்கிற ஆள். மூலையில் தயாரிப்பாளர். இருமல் மிட்டாயைச் சப்பிக்கொண்டே, “நீங்கதான் சொல்லிக்குடுத்தவங்களா? ஒரு சந்தேகம்மா. அந்தம்மா ஏன் ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னாடி மாடு மாதிரி ம்ங்கிறாங்க?” என்றார்.

காது ஒரு பட்டனை அழுத்தினார். நடிகையின் குரல் வந்தது.

ம்... சூப் ஆறிடும்.

ம்... கதவைச் சாத்திக்கோ.

ம்... அவ எங்கே போயிட்டா?

ஒன்றுவிடாமல் எல்லா வசனத்துக்கும் முன்னால் மூடிய உதட்டுக்குள் சின்னதாக ஒரு ‘ம்’. படப்பிடிப்பில் துண்டு துண்டாகக் கேட்டபோது நடிப்பு என்று விட்டிருந்தார்கள், எல்லாவற்றையும் கோர்த்துக் கேட்டபோதுதான் உறைத்ததாம். என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மேடம் ஏன் இப்படிப் பண்றாங்க? நான் இப்படியா சொல்லிக்குடுத்தேன்?”

 காது இன்னொரு பட்டனை அழுத்தினார். எங்கள் வீட்டுச் சமையலறையில் பதிவான அவள் குரல் வந்தது. ம்... சூப் ஆறிடும். ம்... கதவைச் சாத்திக்கோ.

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. தான் அப்படிச் செய்வது அவளுக்குத் தெரியவே தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறிச் சத்தம்போல அது என் காதிலிருந்து எப்போதோ உதிர்ந்துவிட்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆஸ்பத்திரியில் ஒரு கிழட்டு மைக் இருந்தது. பட்டனை அமுக்கினால் சத்தம் உடனே வராது, ஒரு கணம் தாமதித்துத்தான் பிடிக்கும். முதல் எழுத்தை எப்போதும் முழுங்கிவிடும். அதற்காகப் பட்டனை அமுக்கியதும் ஒரு ‘ம்’ போட்டு, மைக் அதை முழுங்கி முடித்த பிறகு நம்பரைச் சொல்லப் பழகினாள். அந்த மைக்கைத் தூக்கிப் போட்டு யுகமாகிவிட்டது. ‘ம்’ மட்டும் அவளிடமே தங்கிவிட்டது. மொழி தெரியாத நடிகைக்கு எது சொல், எது மைக்குக்குப் போட்ட தீனி என்று எப்படித் தெரியும்? மொழியே இப்படித்தான் என்று எடுத்துக்கொண்டார்.

“சனங்க சிரிப்பாங்க” என்றார் தயாரிப்பாளர். “கொலைகாரி வாயைத் திறக்கும்போதெல்லாம் தியேட்டரே கூட சேர்ந்து ம் போடும்.”

டைரக்டர் இவள் பக்கம் திரும்பினார். அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் வரச்சொல்லியிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. “நீங்களே குரல் குடுத்துடுங்க. வசனம் பூரா உங்களுக்கு மனப்பாடம். அந்த ம் இல்லாம பேசினாப் போதும். உங்க குரலைக் கேட்டுத்தான் எனக்கு இந்தப் படத்து மேலயே நம்பிக்கை வந்துச்சு. டைட்டில்ல உங்க பேரைப் பெருசாப் போடறேன்.”

“மேடத்துக்குத் தெரியுமா?”

“பிறகு சொல்லிக்கலாம். ஒப்பந்தத்துல இடம் இருக்கு.”

அவள் சரி என்றுதான் சொன்னாள். அதை மறைக்க வேண்டியதில்லை. அவ்வளவு பெரிய நடிகை அத்தனை நாள் உழைத்ததைத் தான் கெடுத்துவிட்டோம் என்கிற கூச்சத்தில், எப்படியாவது அந்தச் சத்தத்தைத் துடைத்துவிட்டால் போதும் என்று இருந்தாள். வீட்டில் வாய் திறக்கும் முன் உதட்டைக் கையால் பொத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் நம்பர் கூப்பிடும்போது தடுமாறினாள்.

அக்காவுக்கோ தலைகீழ் சந்தோஷம். விஷம் வைக்கிற படம் என்பதெல்லாம் மறந்துவிட்டது. “திரையில உன் பேரு வரும்ல? அப்புறம் என்னடி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? அந்தம்மா நடிக்கட்டும், நீ பேசு. ஆளுக்குப் பாதி.”

குரல் சேர்க்கும் நாள் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளை நிற்கவைத்து, காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, எதிரே திரையில் காட்சியைத் துண்டு துண்டாக ஓட்டினார்கள். பீப் என்று சத்தம் வந்ததும் நடிகையின் உதட்டோடு சேர்ந்து பேச வேண்டும். முதல் துண்டு, கட்டிலருகே வீட்டுக்காரி சூப் கிண்ணத்தோடு நிற்கும் இடம். பீப் வந்தது. இவள் பேசினாள். உதடு சரியாகப் பொருந்தியது. இன்னொரு தடவை என்றார் டைரக்டர். பேசினாள். மறுபடியும் ஓட்டச் சொன்னாள். இந்த முறை பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவள் அதுவரை நடிகையின் முகத்தை இவ்வளவு பெரிதாக, சத்தமில்லாமல் பார்த்ததில்லை. அந்த ‘ம்’ வரும் இடத்தில் கண் கிண்ணத்திலிருந்து எழுந்து பையனின் தொண்டைக்குப் போகிறது. தாடை லேசாக இறுகுகிறது. எதையோ ருசி பார்த்து, போதும் என்று முடிவு செய்வதுபோல. அதற்குப் பிறகுதான் பேச்சு. சத்தத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வசனம் மறந்துபோய் முழித்து நிற்கிற ஒரு பெண்தான் மிச்சம். அடுத்த துண்டைப் போடச் சொன்னாள். அதில் வேறு மாதிரி. பையனின் மனைவியிடம் பேசும் இடத்தில் அதே ‘ம்’ கதவுக்குத் தாழ் போடுகிறது.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தாள். “இதை நான் பேச மாட்டேன் சார்.”

டைரக்டர், “ஏங்க, நல்லாத்தானே வருது?” என்றார்.

“என் குரல் நல்லாத்தான் இருக்கு. அவங்கதான் காணாமப் போயிட்டாங்க. நான் பண்ணினது தப்பு சார். நான் வெறும் பட்டனைத்தான் அமுக்கினேன். ஆனா அவங்க அதைத் தப்பாப் பண்ணல.”

அங்கேயே நடிகைக்குப் போன் போட வைத்தாள். ஒலிபெருக்கியில் போட்டார்கள். “மேடம், அந்த ம் நம்ம மொழி இல்ல. அது என் பழைய மைக்கு” என்று தொடங்கி, தெரிந்த ஆங்கிலத்தில் தயங்காமல் முழுவதையும் சொன்னாள்.  அந்தப் பக்கம் நடிகை சிரித்தார். மூச்சு முட்டுகிற அளவுக்குச் சிரித்தார். சிரிப்பு நின்றதும், ஆங்கிலமும் இவளிடம் பழகிய நம் சொற்களுமாகக் கலந்து சொன்னார். “டீச்சர், நான் அவளைக் கண்டுபிடிச்சதே அதுலதான். பேசறதுக்கு முன்னாடி அவ உள்ளே இருக்கிற ஒருத்திகிட்ட கேட்டுக்கிறா. சரியான்னு. இதை எடுத்துட்டா என்கிட்ட முகம்தான் இருக்கும்.”

டைரக்டர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தயாரிப்பாளர் அசையவில்லை. “இதெல்லாம் நமக்குப் புரியுது. டிக்கெட் வாங்கினவன் சிரிப்பானா மாட்டானா?”

“சிரிக்கிறாங்களான்னு பார்த்துடுவோம்” என்றாள் என் மனைவி. “நான் ஆள் கூட்டிட்டு வர்றேன். ஒண்ணும் சொல்லாம படத்தைப் போடுங்க. சிரிச்சாங்கன்னா நானே பேசிக் குடுத்துடறேன்.”

அவள் கூட்டிவந்தது ஆஸ்பத்திரிக் கூட்டம். நர்சுகள், மருந்து எடுத்துக் கொடுப்பவர், லிஃப்ட் இயக்குபவர், கூட்டிப் பெருக்குகிற அம்மா. எல்லோருக்கும் முன்னால் என் அக்கா. அவளை ஏன் கூப்பிடுகிறாய் என்று கேட்டேன். அக்கா சாவு வீட்டிலேயே சிரித்து மாட்டிக்கொண்டவள். “அதுக்குத்தான்” என்றாள். “அண்ணி சிரிக்கலைன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க.”

சின்ன அரங்கம். படம் தொடங்கியது. தயாரிப்பாளர் திரையைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்துக்கொண்டு பக்கவாட்டில் நின்றார். முதல் ‘ம்’ வந்ததும் பின்வரிசையில் ஒரு நர்ஸ் களுக்கென்றாள். இன்னொருத்தி, “ஏய், நம்ம மைக் அக்கா மாதிரியே இல்ல?” என்று கிசுகிசுத்தாள். என் அக்கா தோள் குலுங்கச் சிரித்தாள். இருட்டில் என் மனைவியின் கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது. தயாரிப்பாளர் மிட்டாயைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் அங்கங்கே சிரிப்பு. பையன் காய்ச்சலில் விழுந்தான். வீட்டுக்காரி கட்டிலருகே உட்கார்ந்து முதல் கரண்டியை நீட்டினாள். ம்... சாப்பிடு. யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவும் இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு முறையும், அந்தச் சத்தம் வரும் முன்பே அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

மாடிக் கதவுக் காட்சி வந்தது. உள்ளே பையனின் மனைவி தனியாகப் பெட்டி அடுக்குகிறாள். விளக்கு போகிறது. படியில் காலடி. “யாரு?” என்கிறாள். எழுதியிருந்த வசனம் ‘நான்தான்’. படப்பிடிப்பில் நடிகை அதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று புரியாமலே டைரக்டர் அந்தத் துண்டை வைத்திருந்தார். இருட்டில், கதவுக்கு இந்தப் பக்கம், அந்த முகம் மட்டும்.

ம்.

பேச்சு வரவில்லை. வரும் வரும் என்று காத்திருந்தோம், வரவில்லை. என் அக்காவின் நகம் என் முழங்கையில் இறங்கியது. பின்னாலிருந்து லிஃப்ட் இயக்குபவர், “கதவைத் திறக்காதேம்மா” என்று வாய்விட்டுச் சொன்னார்.

விளக்குகளைப் போட்டார்கள். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இந்த மாதிரி படத்தை மனுஷங்க பார்ப்பாங்களா?” என்றாள். பிறகு தயாரிப்பாளரைப் பார்த்து, “தம்பி, மறுபடி எப்பப் போடுவீங்க? என் மருமக பார்க்கணும்” என்றாள்.

தயாரிப்பாளர் புது மிட்டாய் ஒன்றைப் பிரித்தார். ஒலிப்பதிவாளரைப் பார்த்துத் தலையை அசைத்தார். “அப்படியே இருக்கட்டும்.”

படம் வெளிவந்தபோது கிளம்பிய அமளி எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெண்ணை இப்படிக் காட்டலாமா, அம்மா வயதுள்ளவளுக்கு இப்படியொரு ஆசையைக் காட்டலாமா, தடை செய் என்றார்கள். ஆஸ்பத்திரித் தலைமை டாக்டர் இவளைக் கூப்பிட்டு, நம் வளாகத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமோ என்று கவலைப்பட்டார். பேசி முடித்துவிட்டு, கேன்டீன் சூப்பை இப்போது யாருமே வாங்குவதில்லையாமே என்று கேட்டார். அடுத்த வருடம் அந்த நடிகைக்கு அந்தப் படத்துக்காகவே பெரிய விருது கிடைத்தது. சொந்தக் குரலில் பேசியவர்களுக்கு மட்டும்தான் அந்த விருது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் முதல் காட்சியைப் பற்றிச் சொல்கிறேன்.

தியேட்டர் வாசலில் இருபது முப்பது பேர் அட்டை பிடித்து நின்றார்கள். ஒரு பெண்மணி கை ஒலிபெருக்கியில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார். ‘தடை செய்’ என்பதில் முதல் எழுத்து விழாமல் ‘டை செய், டை செய்’ என்று வந்தது. என் மனைவியால் தாங்க முடியவில்லை. நான் கையைப் பிடித்து இழுத்தும் நேராக அவரிடம் போய், “பட்டனை அமுக்கின உடனே பேசாதீங்கம்மா. ஒரு மூச்சு விட்டுட்டுப் பேசுங்க, முழுசா விழும்” என்றாள். அந்த அம்மா ஒருமுறை முயன்று பார்த்தார். விழுந்தது. “ரொம்ப நன்றிங்க” என்றார். நாங்கள் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே போனோம்.

அரங்கம் நிறைந்திருந்தது. ஒரு வரிசை முழுக்க ஆஸ்பத்திரி ஆட்கள். எங்கே என்ன வரும் என்று தெரிந்தும் அக்கா மாடிக் கதவுக் காட்சியில் கண்ணை மூடிக்கொண்டாள். படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் கூட்டம் எழுந்தது. அக்கா எழுந்து நின்று வழியை மறித்தாள். “உட்காருங்க, இன்னும் முடியல. எங்க வீட்டுப் பேரு வரணும்.” நாலு பேர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்கள்.

குரல் கொடுத்தவர்கள் என்று தலைப்பு வந்தது. பையனாக நடித்தவருக்கு ஒருவர். அவன் மனைவிக்கு ஒருவர். வாசலோடு போய்விடும் தபால்காரருக்குக்கூட ஒருவர். வரிகள் மெல்ல மேலேறிக்கொண்டிருந்தன. என் மனைவி இருக்கையின் நுனிக்கு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசி வரியும் ஏறி மறைந்தது. கதாநாயகிக்கு என்று யார் பெயரும் இல்லை.

“பாத்தீங்களா?” என்று என் தோளை உலுக்கினாள். “இல்ல. அவங்களுக்கு யாருமே இல்ல. பாத்தீங்கல்ல?” கண் இரண்டும் பளபளவென்று இருந்தது. பார்த்தேன் என்றேன். இருந்தாலும் இன்னொரு முறை சொன்னாள்.

அதற்குள் விளக்குக்காரர்கள், வண்டியோட்டிகள் எல்லோர் பெயரும் போய், ‘மொழிப் பயிற்சி’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி வந்தது. ஆஸ்பத்திரி வரிசை மொத்தமும் எழுந்து கைதட்டியது. லிஃப்ட் இயக்குபவர் விசிலடித்தார். அவள் என் பக்கமே திரும்பியிருந்தாள்.

“ஏய், உன் பேரு போயிடுச்சுடி. பார்க்கலையா?” என்று அக்கா அவள் முதுகில் தட்டினாள்.

“போகட்டும் அண்ணி” என்றாள் அவள்.